இலையை வெட்டும் தேனீ துவரைக்கு நண்பன்

துவரைச் செடியிலோ, வீட்டு வாசலில் நிற்கும் ரோஜாவிலோ சில இலைகளின் ஓரம் நாணயத்தை வைத்து நறுக்கியது போல வட்டமாகவும் நீள்வட்டமாகவும் குறைந்திருப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். வெட்டின் விளிம்பு கத்தரிக்கோலால் வெட்டியது போலச் சுத்தமாக இருக்கும். இலையின் மேல் எச்சம் இருக்காது. இலையைத் திருப்பிப் பார்த்தால் புழுவும் இருக்காது. இரவில் விளக்கு வைத்துத் தேடினாலும் ஒன்றும் அகப்படாது. "ஏதோ பூச்சி விழுந்திருக்கிறது" என்று மருந்துக் கடைக்குப் போனால் கையில் ஒரு புட்டியைக் கொடுத்து அனுப்புவார்கள். தெளித்த மூன்றாம் நாள் இலை வெட்டு நின்றும் போகும். மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று நினைத்துக்கொள்வோம். உண்மையில் நின்று போனது, துவரைப் பூவுக்கு மகரந்தம் சுமந்து வந்த ஒரு தேனீயின் நடமாட்டம்.

இதனை இலைவெட்டித் தேனீ என்கிறோம். இதன் பேரினத்துக்கு விஞ்ஞானிகள் இட்ட பெயர் மெகாகைல். 1802ஆம் ஆண்டில் லாத்ரேய் என்ற பிரெஞ்சுப் பூச்சியியல் அறிஞர் வைத்த பெயர் இது. கிரேக்க மொழியில் பெரிய உதடு என்று பொருள்படும். பெயருக்கு ஏற்றபடி இதன் தலை அகன்றும் தாடை பெருத்தும் பல் வைத்தும் இருக்கும். உலகம் முழுவதும் இப்பேரினத்தில் 1,500க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. நம் நாட்டிலும் பல இனங்கள் உண்டு. நம் ஊர்களில் இதற்குத் தனிப் பெயர் வழங்குவது குறைவு. மண் கூடு கட்டுவதை எல்லாம் குளவி என்றும், உருண்டு திரண்டு பறப்பதை எல்லாம் வண்டு என்றும் சொல்லிவிடுவது வழக்கம். அதனால்தான் நண்பன் யார், பகைவன் யார் என்பது குழம்பிப் போகிறது.

தேன் இல்லாத தேனீ

தேனீ என்றதும் பெட்டியும் அடையும் ராணியும் நினைவுக்கு வரும். இந்தத் தேனீக்கு அவை எதுவும் இல்லை. ராணி கிடையாது, வேலைக்காரத் தேனீ கிடையாது, கூட்டம் கிடையாது. ஒவ்வொரு பெண் தேனீயும் தனிக்குடித்தனம். தானே இடம் பார்த்து, தானே கூடு கட்டி, தானே குஞ்சுக்கு உணவு சேர்த்து வைத்துவிட்டு மடிந்துவிடும். குஞ்சைக் கண்ணால் பார்ப்பது பெரும்பாலும் இல்லை. தேன் சேமித்து வைப்பதும் இல்லை என்பதால் இதனிடம் நாம் எடுத்துக்கொள்ள ஒன்றும் கிடையாது. பாதுகாக்கக் கூட்டம் இல்லாததால் கொட்டும் குணமும் இல்லை. கைக்குள் பிடித்து நசுக்கினால் கொட்டும். அதுவும் மலைத் தேனீ கொட்டுவதைப் போலக் கடுகடுக்காது.

அடையாளம் காண ஒரே ஒரு குறி போதும். அடுக்குத் தேனீயும் கொம்புத் தேனீயும் மகரந்தத்தைத் தேனால் நனைத்துப் பிசைந்து பின்னங்காலில் உருண்டையாக ஒட்டிக்கொண்டு போகும். இலைவெட்டித் தேனீயின் பெண் அப்படிச் செய்வதில்லை. அதன் வயிற்றின் அடிப்புறத்தில் அடர்ந்த மயிர்த் தூரிகை ஒன்று இருக்கிறது. மகரந்தத்தை உலர்ந்த தூளாகவே அதில் ஏற்றிக்கொள்ளும். பூவில் உட்காரும்போது வாலை மேலே தூக்கி வைத்திருக்கும். அப்போது அடிவயிறு மஞ்சள் பூசியது போலத் தெரியும். காலில் உருண்டை இல்லாமல் வயிற்றில் மஞ்சள் இருந்தால் அது இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று கொள்ளலாம்.

இதில்தான் விவசாயிக்கு லாபம் இருக்கிறது. தேனில் பிசைந்து உருட்டிய மகரந்தம் அடுத்த பூவில் எளிதாக உதிராது. உலர்ந்த தூள் உதிரும். ஒரு பூவில் இருந்து மறு பூவுக்குப் போகும்போது வயிறு சூல்முடியில் உரசுகிறது, தூள் அங்கே ஒட்டிக்கொள்கிறது.

இலை எதற்கு?

இலையைத் தின்பதற்காக இத்தேனீ வெட்டுவதில்லை. கூட்டுக்குச் சுவர் எழுப்பத்தான் வெட்டுகிறது. மூங்கில் துளை, காய்ந்த தண்டின் பொந்து, மரத்தில் வண்டு குடைந்த ஓட்டை, மண் சுவரின் துவாரம் என்று ஏதாவது ஒரு நீண்ட குழாயைத் தேர்ந்தெடுக்கும். சில இனங்கள் மண்ணிலேயே வளை தோண்டும். பிறகு இலையின் ஓரத்தில் கால்களை ஊன்றிக்கொண்டு தாடையால் வெட்டத் தொடங்கினால் சில விநாடிகளில் வேலை முடிந்துவிடும். வெட்டிய துண்டைச் சுருட்டி வயிற்றுக்கு அடியில் இடுக்கிக்கொண்டு பறந்துபோகும். நீள்வட்டத் துண்டுகள் சுவருக்கு, வட்டத் துண்டுகள் மூடிக்கு. இலைகளில் இரண்டு விதமான வெட்டு இருப்பதன் காரணம் இதுதான்.

துண்டுகளை ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்டி, பீடியளவு தடிமனில் கிண்ணம் போன்ற ஓர் அறை செய்யும். ஓர் அறைக்கு ஒரு டஜனுக்கு மேல் இலைத்துண்டு ஆகும். அறைக்குள் மகரந்தத்தையும் தேனையும் குழைத்துக் களியாக நிரப்பும். அதற்குப் பல முறை பூவுக்குப் போய் வரவேண்டும். களியின் மேல் ஒரே ஒரு முட்டையை இட்டு, வட்டத் துண்டுகளால் மூடி, அதற்கு முன்னால் அடுத்த அறையைத் தொடங்கும். குழாய் நிறைந்ததும் வாசலைத் தடிப்பாக அடைத்துவிடும்.

அறைகளின் வரிசையிலும் ஒரு கணக்கு உண்டு. உள்ளே ஆழத்தில் பெண் முட்டைகளும், வாசல் பக்கம் ஆண் முட்டைகளும் இடப்படுகின்றன. ஆண்கள் முதலில் வெளிவந்து காத்திருக்கும், பெண்கள் பின்னால் வரும். ஆண் முட்டை கருவுறாத முட்டை. எந்த அறையில் எதை இடுவது என்பது தாயின் பிடியில் இருக்கிறது. குழாய் நீளம் குறைவாக இருந்தால் ஆண்களே அதிகம் பிறக்கும். ஆண் தேனீ கூடு கட்டுவதும் இல்லை, மகரந்தம் சேர்ப்பதும் இல்லை. பின்னால் குழாய் அளவைப் பற்றிச் சொல்லும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளவும்.

பிசினும் மண்ணும்

இப்பேரினத்தில் எல்லாமே இலை வெட்டுவதில்லை. ஒரு பிரிவு மரப் பிசினைச் சேகரித்து அறை கட்டும். தாடையால் பிசினைச் சுரண்டி உருட்டி எடுத்து வந்து, சில சமயம் மண்ணும் மரத்தூளும் கலந்து, சுவருக்கும் மூடிக்கும் பூசும். பிசின் காய்ந்தால் எறும்பும் ஈரமும் எளிதில் நுழையாது. இன்னொரு பிரிவு மண்ணைக் குழைத்தே வேலையை முடித்துவிடும். நம் நாட்டுத் துவரை வயல்களில் அதிகம் வரும் மெகாகைல் லனேட்டா மண் பூசும் இனம். செம்பழுப்பு மயிர் போர்த்திய உடம்புடன் இருக்கும். சுவர் ஓட்டை, கதவு நிலையின் துளை, மோட்டார் கொட்டகையில் கிடக்கும் குழாய்த் துண்டு என்று எதையும் விட்டுவைக்காது.

மோட்டார் கொட்டகையில் மண் அடைப்பைக் கண்டதும் குச்சியால் குத்தி எடுத்துவிடுவது நம் வழக்கம். சுவிட்ச் பெட்டியில் இருந்தால் மின்சாரத்தை நிறுத்திவிட்டு எடுக்கத்தான் வேண்டும். மற்ற இடங்களில் இருப்பதை விட்டுவிடலாம். ஒன்றை உடைத்துப் பார்த்தால் விஷயம் விளங்கும். உள்ளே மயங்கிக் கிடக்கும் சிலந்தியோ பச்சைப் புழுவோ இருந்தால் அது குளவியின் கூடு. மஞ்சள் நிறக் களியும் வெள்ளைப் புழுவும் இருந்தால் தேனீயின் கூடு. குளவியும் நமக்குக் கெடுதல் செய்வதில்லை. பச்சைப் புழுவைத் தூக்கிப் போகிற குளவி கூலி கேட்காத ஆள்.

பிசின் தேனீக்களில் ஒன்றைப் பற்றிச் சொல்லாமல் விட மனமில்லை. 1858ஆம் ஆண்டில் இயற்கை அறிஞர் ஆல்பிரட் ரசல் வாலஸ், இப்போது இந்தோனேசியாவில் உள்ள பச்சான் தீவில் ஒரு பெரிய கருந்தேனீயைப் பிடித்தார். கட்டை விரல் நீளம், அதாவது சுமார் 38 மில்லிமீட்டர் உடம்பு. சிறகை விரித்தால் 6 சென்டிமீட்டருக்கு மேல். அதற்குப் பிறகு ஒரு நூற்றாண்டுக்கு மேல் அதை யாரும் பார்க்கவில்லை. அழிந்துவிட்டது என்றே எண்ணினார்கள். 1981இல் ஆடம் மெசர் என்ற ஆய்வாளர் அதை மீண்டும் கண்டார். மரத்தில் கறையான் கட்டிய புற்றுக்குள் புகுந்து, பிசினால் சுவர் பூசிக்கொண்டு அது குடியிருப்பதை அவர்தான் விவரித்தார். மறுபடியும் நீண்ட இடைவெளி. 2019 ஜனவரியில்தான் அது உயிருடன் படம் பிடிக்கப்பட்டது. இவ்வளவு பெரிய தேனீயே கண்ணில் படாமல் இருக்க முடியுமானால், நம் வரப்போரத்தில் அரை அங்குலத் தேனீ கவனிக்கப்படாமல் போவதில் வியப்பில்லை.

துவரைப் பூவில் நடப்பது

துவரை தன் மகரந்தத்தாலேயே காய் பிடிக்கக்கூடிய பயிர். பூ விரிவதற்கு முந்திய நாளே மொட்டுக்குள் மகரந்தப் பை வெடித்துவிடுகிறது. எனவே தேனீ வராவிட்டால் காயே இல்லை என்று சொல்வது சரியல்ல. பூத்த பூக்களில் பெரும் பகுதி உதிர்ந்துபோவதும் துவரையின் இயல்பு. உதிர்வைக் கண்டு பயந்து ஊக்கி, சத்து என்று தெளித்துக்கொண்டே இருப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் தேனீ வந்தால் வேறுபாடு உண்டு. துவரைப் பூவின் படகிதழுக்குள் கேசரமும் சூல்முடியும் ஒளிந்திருக்கின்றன. கொசுத் தேனீ போன்ற சிறியவற்றுக்கு அந்த இதழை அழுத்தித் திறக்கப் பலம் போதாது. இலைவெட்டித் தேனீயும், மரத்தைக் குடையும் பெரிய கருவண்டான தச்சுத் தேனீயும் இறங்கி உட்கார்ந்தால் இதழ் கீழே தாழ்ந்து, சூல்முடி வெளியே வந்து நேராக அடிவயிற்றில் படுகிறது. வேறு செடியின் மகரந்தம் அப்போது வந்து சேர்கிறது. துவரையில் பல இடங்களில் நூற்றுக்கு இருபது வரையும், தேனீ மிகுந்த இடங்களில் அதற்கு மேலும் அயல் மகரந்தச் சேர்க்கை நடக்கிறது. பயறு வகைகளில் இது பெரிய அளவு.

உங்கள் வயலில் தேனீயின் பங்கு எவ்வளவு என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். மொட்டு விடும் சமயத்தில் பத்துச் செடிகளில் ஒவ்வொரு கிளையைக் கொசுவலைத் துணியால் பை போலக் கட்டிவிட வேண்டும். அதே செடிகளில் அதே அளவுள்ள இன்னொரு கிளைக்கு நூல் கட்டி அடையாளம் வைக்க வேண்டும். பூ முடிந்ததும் பையை அவிழ்த்து, இரண்டிலும் காய்களையும் காய்க்குள் உள்ள மணிகளையும் எண்ணிப் பார்க்கலாம். வலை காய்ப்புழுவையும் தடுக்கும் என்பதால், புழு துளைத்த காய்களையும் சேர்த்தே எண்ண வேண்டும். அப்போதுதான் கணக்கு சரியாக இருக்கும்.

வீரிய ஒட்டு விதை உற்பத்தியில் நிலைமையே வேறு. அங்கே தேனீ இல்லாமல் ஒரு மணியும் கிடைக்காது. உலகின் முதல் வீரிய ஒட்டுத் துவரையான ஐ.சி.பி.எச். 8, ஐதராபாத் அருகே பட்டான்சேருவில் உள்ள சர்வதேச வறண்ட வெப்பமண்டலப் பயிர் ஆராய்ச்சி நிலையமான இக்ரிசாட்டின் ஆராய்ச்சியில் உருவாகி 1991இல் வெளியிடப்பட்டது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1994இல் கோ.எச். 1, 1997இல் கோ.எச். 2 ஆகியவற்றை வெளியிட்டது. பெண் வரிசையில் உள்ள ஆண் மலட்டுச் செடிகளுக்குச் சொந்த மகரந்தம் கிடையாது. பக்கத்து ஆண் வரிசையில் இருந்து யாராவது கொண்டு வந்து சேர்க்க வேண்டும். துவரையின் மகரந்தம் காற்றில் பறந்து போவதில்லை. ஆளை வைத்து ஒவ்வொரு பூவாகத் தொட்டால் விதை விலை கட்டாது. ஆகையால் அந்த வேலை முழுவதும் தேனீயின் தலையில்தான் விழுகிறது. மேலும் அந்தக் கால ஒட்டு ரகங்களில் பெண் வரிசையிலேயே பாதிச் செடிகள் மகரந்தம் உள்ளவையாக முளைக்கும். அவற்றைப் பூக்கும் சமயத்தில் பார்த்துப் பார்த்துப் பிடுங்க வேண்டியிருந்தது. அந்த ரகங்கள் பரவாமல் போனதற்கு இது ஒரு முக்கிய காரணம். அந்தக் குறை நீங்கிய ஐ.சி.பி.எச். 2671 ரகம் 2010இல் மத்தியப் பிரதேசத்தில் வெளியிடப்பட்டது. அதற்கும் மகரந்தம் சுமப்பது தேனீதான்.

தேனீயின் இந்தச் சேவைக்கு மறுபக்கமும் உண்டு. சொந்த விதை எடுத்து வைக்கிறவர் வயலில் ஒரு ரகமும் பக்கத்து வயலில் வேறு ரகமும் இருந்தால் இரண்டும் கலந்துவிடும். சில பட்டங்களில் விதை "ரகம் கெட்டுவிட்டது" என்று சொல்வது இதனால்தான். சான்று விதை எடுக்கிறவர்கள் குறைந்தது 100 மீட்டர் விலகல் விடவேண்டும். வீட்டு விதைக்கு அவ்வளவு இடம் இல்லாதவர்கள், வயலின் நடுப்பகுதியில் உள்ள செடிகளில் மட்டும் விதைக்காயைப் பறித்தால் கலப்பு ஓரளவு குறையும். வரப்போரச் செடிகளின் காயைப் பருப்புக்கு அனுப்பிவிடலாம்.

துவரையைத் தவிர சணப்பிலும் இத்தேனீக்களின் உதவி பெரிது. பசுந்தாளுக்காக மடக்கி உழுகிறவர்களுக்குக் கவலையில்லை. விதைக்காக விடுகிறவர்கள் மட்டும் கவனிக்க வேண்டும். சணப்புப் பூவின் சூல்முடியைத் தேனீ உரசினால்தான் மகரந்தம் பிடிக்கும். உரசப் பலமுள்ள பெரிய தேனீ வராத வயலில் பூ மஞ்சளாகக் கொட்டிக் கிடக்கும், காயில் மணி இருக்காது. எள், சூரியகாந்தி, அவுரி ஆகியவற்றிலும் இவை மேய்கின்றன.

குதிரைமசாலில் ஒரு பாடம்

இத்தேனீயின் மதிப்பைப் பணமாகவே கண்டவர்கள் அமெரிக்கா, கனடா நாடுகளின் குதிரைமசால் விவசாயிகள். குதிரைமசால் பூவுக்கு ஒரு விசித்திரக் குணம் உண்டு. படகிதழை அழுத்தியதும் உள்ளே மடங்கியிருக்கும் தண்டு விசைப்பொறி போலத் தெறித்து எழும். அது பெட்டித் தேனீயின் தலையில் ஓங்கி அடிக்கும். இரண்டு மூன்று அடி வாங்கிய பெட்டித் தேனீ புத்தி கற்றுக்கொண்டு, பூவின் பக்கவாட்டில் நாக்கை நுழைத்துத் தேனை மட்டும் குடித்துவிட்டுப் போய்விடும். பூ தெறிக்காது, விதையும் பிடிக்காது. பெட்டிகளை வரிசையாக வைத்தும் அந்த நாட்டார் எதிர்பார்த்த விதை மகசூல் காணவில்லை.

ஐரோப்பா, மேற்கு ஆசியப் பகுதியைச் சேர்ந்த மெகாகைல் ரொட்டுண்டேட்டா என்ற சிறிய இலைவெட்டித் தேனீ 1940களில் யாரும் அழைக்காமலே அமெரிக்கா வந்து சேர்ந்தது. இந்தத் தேனீ அடிக்குப் பயப்படவில்லை. பூவைத் தெறிக்க வைத்து மகரந்தத்தை அள்ளிக்கொண்டு போயிற்று. மரப்பலகையில் துளை போட்டு வயலில் வைத்தால் அதில் வந்து கூடு கட்டுவதையும் கண்டார்கள். அதன் பிறகு அது ஒரு தொழிலாகவே வளர்ந்தது. குளிர்காலத்தில் கூட்டறைகளை உதிர்த்தெடுத்து சுமார் 5 டிகிரி குளிரில் சேமித்து வைக்கிறார்கள். பயிர் பூப்பதற்கு மூன்று வாரம் முன்பு 30 டிகிரி வெப்பத்தில் வைத்துப் பொரிக்க விடுகிறார்கள். பூ விரியும் நாளில் தேனீ தயாராக இருக்கும். கனடாவில் ஏக்கருக்கு சுமார் 20,000 தேனீ என்று கணக்கு வைத்து விடுகிறார்கள். கிலோ கணக்கில் தேனீ விற்பனையாகிறது. தேனே தராத தேனீக்கு இப்படி ஒரு சந்தை!

அதே முறையை அப்படியே இங்கே கொண்டுவர வேண்டும் என்று சொல்ல வரவில்லை. நமக்கு அந்தக் குளிர்காலம் இல்லை, ஆயிரம் ஏக்கர் ஒரே பயிரும் இல்லை. ஒரே இடத்தில் லட்சக்கணக்கில் வளர்த்ததால் அங்கே புழுக்கள் சுண்ணாம்புக் குச்சி போல இறுகிச் சாகும் பூஞ்சண நோயும் வந்தது. அந்நியத் தேனீயை இறக்குமதி செய்யும் அவசியமும் நமக்கு இல்லை. வேண்டிய இனங்கள் நம் வேலியிலேயே இருக்கின்றன.

ஒரே வகைத் தேனீயை நம்பியிருப்பதன் ஆபத்தையும் நாம் பார்த்தாகிவிட்டது. 1991-92இல் தாய்சேக் புரூட் என்ற நச்சுயிரி நோய் தென்னாட்டில் பரவியபோது, கன்னியாகுமரி மாவட்டம் உட்படப் பல இடங்களில் இந்தியத் தேனீப் பெட்டிகள் பெருமளவில் காலியாயின. அடைப்புழுக்கள் தண்ணீர்ப் பை போல ஊதிச் செத்தன. பெட்டித் தேனீக்கு நோய் வரும் காலத்திலும் பூ பூக்கத்தான் செய்யும். அப்போது வயலுக்கு வருகிறவை மலைத் தேனீயும் இந்தத் தனித் தேனீக்களும்தான்.

மருந்து தெளிக்கும் முன்

பச்சைக் காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சி நூற்றுக்கணக்கில், சில சமயம் ஆயிரத்துக்கு மேலும் முட்டையிடும். இலைவெட்டித் தேனீ வாழ்நாள் முழுவதும் முப்பது நாற்பது முட்டைக்கு மேல் இடுவது அரிது. ஒரு தெளிப்பில் இரண்டும் செத்தால், காய்ப்புழு அடுத்த மாதமே பழைய எண்ணிக்கைக்கு வந்துவிடும். தேனீ வராது. தாய் செத்தால் பாதியில் நின்ற கூட்டை முடிக்க வேறு வேலைக்காரி இல்லை. பெட்டித் தேனீயில் ஆயிரம் செத்தாலும் ராணி ஈடுசெய்யும். இங்கே ஒவ்வொரு சாவும் ஒரு குடும்பத்தின் முடிவு.

இன்னொரு வழியிலும் விஷம் போகிறது. மருந்து பட்ட இலையையே வெட்டிக் கொண்டுபோய்க் குஞ்சைச் சுற்றி வைக்கிறது அல்லவா? இமிடாகுளோபிரிட், தயாமீதாக்சம் போன்ற ஊடுருவும் மருந்துகள் பூவின் தேனிலும் மகரந்தத்திலும் வந்துவிடுகின்றன. ஐரோப்பிய நாடுகள் 2018இல் இவற்றைத் திறந்த வெளிப் பயிர்களில் பயன்படுத்துவதைத் தடை செய்ததற்குத் தேனீக்களின் சாவே காரணம். நம் நாட்டில் எண்டோசல்பானை 2011இல் உச்ச நீதிமன்றம் தடை செய்தது. பழைய புட்டி எங்காவது கொட்டகையில் கிடந்தால் எடுத்துப் பயன்படுத்தக் கூடாது.

துவரையில் காய்ப்புழுவை விட்டுவிட முடியாது என்பது உண்மை. ஏக்கருக்கு 5 இனக்கவர்ச்சிப் பொறி வைத்து அந்துப்பூச்சியின் வரத்தைப் பார்க்க வேண்டும். முட்டையும் இளம் புழுவும் தெரிந்ததும் வேப்பங்கொட்டைக் கரைசல் 5 சதம் தெளிக்கலாம். 5 கிலோ வேப்பம்பருப்பை இடித்து 10 லிட்டர் தண்ணீரில் இரவு முழுவதும் ஊறவைத்து வடிகட்டி, 100 லிட்டராக்கிக் காதி சோப்புக் கரைசல் சிறிது சேர்த்தால் போதும். அடுத்து என்.பி.வி. நச்சுயிரிக் கரைசல், ஏக்கருக்கு 200 புழு சமன். இது வெயிலில் வீரியம் இழந்துவிடும் என்பதால் மாலையில்தான் தெளிக்க வேண்டும். தேனீயும் வெயில் சாய்ந்ததும் குழாய்க்குள் அடங்கிவிடுகிறது. ஆக, மாலைத் தெளிப்பு இரண்டு வகையிலும் நல்லது. இரசாயன மருந்து தவிர்க்கவே முடியாத நிலை வந்தால், அதையும் மாலை ஐந்து மணிக்கு மேல் தெளிக்க வேண்டும். காலை ஒன்பது மணிக்கு விசைத்தெளிப்பானைத் தோளில் மாட்டுவதுதான் மிகக் கெடுதல். பூவில் தேனீ நிறையும் நேரம் அது.

ரோஜா வளர்ப்பவர்கள் இலை வெட்டுக்குக் கவலைப்படத் தேவையில்லை. செடியின் பலம் அதனால் குறைவதில்லை. கண்காட்சிக்குச் செடி வைத்திருப்பவர்கள் சில நாட்கள் வலை போட்டு மூடலாம். இலையோரம் ஒழுங்கற்றுப் பல் பல்லாகக் கொறிக்கப்பட்டிருந்தால் மட்டும் அது சாம்பல் நிறக் கூன்வண்டின் வேலை. அதற்குத் தனியாகக் கவனிப்பு வேண்டும்.

குழாய் வீடு

இத்தேனீக்கு வீடு செய்து கொடுப்பது மிக எளிது, செலவும் இல்லை. ஒரு பக்கம் கணு அடைத்த மெல்லிய மூங்கில், நாணல், காய்ந்த ஆமணக்குத் தண்டு ஆகியவற்றில் ஒன்றை 15 சென்டிமீட்டர் நீளத்துக்கு நறுக்க வேண்டும். உள்துளை 5 முதல் 10 மில்லிமீட்டர் வரை கலந்து இருக்கட்டும். சிறிய இனம் பென்சிலுக்குக் குறைந்த துளையையும், பெரிய இனம் பென்சில் நுழையும் துளையையும் எடுத்துக்கொள்ளும். விரல் நுழையும் துளைக்குத் தேனீ வராது, சிலந்திதான் வரும். 10 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் ஆண்களே அதிகம் பிறக்கும் என்பதை முன்பே சொன்னோம். வாய்ப்பக்கம் பிசிறு இல்லாமல் சீவிவிட வேண்டும். பின்பக்கம் திறந்திருந்தால் களிமண்ணால் அடைக்க வேண்டும்.

முப்பது நாற்பது குழாய்களை ஒரு கட்டாகக் கட்டி, மழைச்சாரல் படாதபடி கொட்டகைத் தாழ்வாரத்தில் இடுப்பு உயரத்துக்கு மேல் கிழக்கு நோக்கிப் படுக்கைவசமாக வைக்க வேண்டும். காற்றில் ஆடக்கூடாது, தேனீ தன் துளையைத் தேடித் தடுமாறும். கட்டித் தொங்கவிடும் கம்பியில் கிரீஸ் தடவிவிட்டால் எறும்பு ஏறாது. எறும்புதான் இதற்கு முதல் எதிரி. வால் கூம்பாகக் கூர்த்த ஒரு கள்ளத் தேனீயும் கட்டைச் சுற்றி வரும். தாய் பூவுக்குப் போன நேரம் பார்த்துத் தன் முட்டையை இட்டுவிட்டுப் போய்விடும். அதைக் கண்டால் விரட்டலாம், மருந்து அடிக்கக் கூடாது.

இவை நெடுந்தூரம் போகிறவை அல்ல. கூட்டில் இருந்து சில நூறு மீட்டருக்குள்தான் மேய்ச்சல். கட்டு வயலோரத்திலேயே இருக்க வேண்டும். வரப்பில் கொழிஞ்சி, துளசி, அவுரி நான்கு செடி இருந்தால் பயிர் பூக்காத நாளிலும் உணவு கிடைக்கும். வேலியில் காய்ந்த தண்டுகளையும் பட்ட மரத்துண்டையும் ஒன்றுவிடாமல் கொளுத்திவிடும் வழக்கம் சில ஊர்களில் இருக்கிறது. ஓரத்தில் கொஞ்சம் விட்டுவைப்பது நல்லது. குப்பையில் கிடக்கும் பிளாஸ்டிக்கும் இவற்றின் கண்ணில் படுகிறது. கனடாவின் டொரண்டோ நகரில் இலைக்குப் பதில் பிளாஸ்டிக் பைத் துண்டுகளை வெட்டிக் கூடு கட்டிய இலைவெட்டித் தேனீக்களைப் பற்றி 2013இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

வாய் அடைத்த குழாய் என்றால் உள்ளே குடும்பம் இருக்கிறது என்று பொருள். அதை உடைத்துப் பார்க்கவோ, வெயிலில் எடுத்து வைக்கவோ கூடாது. வெப்பமான காலத்தில் முட்டையிட்டு ஐந்தாறு வாரத்தில் புதிய தேனீ வெளிவரும். சில மாதக்கணக்கில் உள்ளேயே உறங்கியும் கிடக்கும். காலியான பழைய குழாய்களை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிட வேண்டும். பழையதிலேயே மறுபடி மறுபடி கட்டினால் நோயும் ஒட்டுண்ணியும் பெருகும். ஆடிப்பட்டத் துவரை ஐப்பசி, கார்த்திகையில் பூக்கிறது. அதற்குப் புரட்டாசி தொடக்கத்திலேயே கட்டை ஏற்றிவிட்டால், முதல் பூ விரிவதற்குள் தேனீ இடம் பார்த்துக் குடியேறிவிடும்.